நோயின் பெயர் தெரியாதபோது மருத்துவ ஆய்வில் சேருவது எப்படி: தசைநோய்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

படி ஏற முடியவில்லை, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, அடிக்கடி விழுகிறார். பல டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. "தசைநோய் மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் பதில் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்வார்கள். ரத்தம் கொடுத்தால் ஜீன் பார்ப்பார்கள், செலவில்லை என்பார்கள். பெரும்பாலான குடும்பங்கள் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகின்றன.

இப்படிச் சேரும் குடும்பங்களுக்கு ஃபைல் தயாரிக்கவும் படிவம் படிக்கவும் உதவி வருகிறேன். பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ஆய்வு என்பது ஆய்வாளர்களின் கேள்விக்குப் பதில் தேடுவது. அந்தக் கேள்வி "உங்கள் பிள்ளைக்கு என்ன நோய்" என்பதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால் ஆய்வில் சேருவதும் நோயைக் கண்டறிவதும் இரண்டு தனி வேலைகள். முதலாவதைச் செய்யும்போது இரண்டாவதை நிறுத்திவிடக் கூடாது. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. முதலில் ஃபைல்

ஆய்வுக்குழு முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல, காகிதத்தை. காகிதம் சரியில்லை என்றால் பட்டியலில் கீழே போய்விடுவீர்கள்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக, பழையது கீழே புதியது மேலே என்று அடுக்குங்கள். அதற்கு மேல் ஒரே ஒரு பக்கம், சுருக்கம். இப்படி இருந்தால் போதும்:

"ஆண், 9 வயது. ஒன்றரை வயதில் நடந்தான். 4 வயதில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். 6 வயதில் தரையில் இருந்து எழத் தொடையில் கை ஊன்றினான். கெண்டைக்கால் தடித்திருக்கிறது. படிப்பு நன்றாக வருகிறது. தங்கைக்குப் பிரச்சினை இல்லை. அம்மாவின் தம்பி 20 வயதுக்குள் இறந்துவிட்டார், கடைசியில் நடக்கவில்லை."

இதில் நோயின் பெயர் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்பு ஒரு டாக்டர் எழுதிய பெயரை முதல் வரியில் போட்டால், அடுத்து படிப்பவரும் அதே வழியில்தான் யோசிப்பார். எந்த வயதில் எது முடியாமல் போனது என்று எழுதினால் அவர் தானாக யோசிப்பார். பழைய பெயர்களைக் கடைசியில் "இதுவரை சொல்லப்பட்டவை" என்று எழுதிக்கொள்ளலாம்.

செல்போனில் வீடியோ எடுங்கள். தரையில் இருந்து எழுவது, படி ஏறுவது, குதிகாலில் நடப்பது, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவது. பக்கவாட்டில் இருந்தும் பின்னால் இருந்தும் எடுக்க வேண்டும். ஓபியில் சில நிமிடங்களில் தெரியாதது இதில் தெரியும். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே வீடியோவை எடுத்துவைத்தால் நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதும் புரியும்.

இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் ஃபிலிம் மட்டும் வாங்கிவந்து, சிடியைக் கேட்காமல் விடுவது. தசை பயாப்சி செய்த இடத்தில் ரிப்போர்ட் மட்டும் வாங்கி, சிலைடையும் பிளாக்கையும் (பதப்படுத்தி வைத்த தசைத்துண்டு) விட்டுவிடுவது. பிளாக் இருந்தால் வேறு இடத்தில் புதிய சாயம் போட்டுப் பார்க்கலாம், இன்னொரு முறை தசையை வெட்டி எடுக்க வேண்டாம். அசலை எங்கேயும் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

2. மூன்று தலைமுறைக் குடும்ப மரம்

தாத்தா பாட்டி வரை, இரண்டு பக்கமும் எழுதுங்கள். இளம் வயதில் இறந்தவர்கள், கலைந்த கருக்கள், கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் எல்லாரும் அதில் வர வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் மறைக்காதீர்கள். தாய்மாமனா, அத்தை மகனா, மாமன் மகளா என்று உறவையும் குறிப்பிடுங்கள். "அதனாலதான் இப்படி ஆச்சு" என்று பழி வரும் என்று பயந்து பலர் சொல்வதில்லை. இது பழி சொல்வதற்கான தகவல் அல்ல. பெற்றோர் இருவரிடமும் ஒரே மாற்றம் இருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வரும் நோய்களை முதலில் தேட வேண்டுமா என்பதை முடிவு செய்ய உதவும் தகவல். அதே சமயம், சொந்தத்தில் கல்யாணம் என்றவுடன் வேறு எதையும் பார்க்காமல் விடுவதும் தவறு. பெரும்பாலும் சிறுவர்களைப் பாதிக்கும் டூஷேன் தசைச்சிதைவு, எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. பெற்றோர் சொந்தமா இல்லையா என்பது அதில் எதையும் மாற்றாது.

3. எளிய பரிசோதனைகள் முடிந்த பிறகே ஆய்வு

வரிசையில் அதிகம் பிசகுவது இங்கேதான். நேராக "முழு ஜீன் டெஸ்ட்" செய்யும் ஆய்வுக்குப் போய்விடுகிறார்கள். சாதாரண லேபிலேயே தெரிந்திருக்கக்கூடிய பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

முதலில் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம் இது. டூஷேன் உள்ள சிறுவனுக்கு இது இயல்பைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரைகூட இருக்கும். கடும் உடற்பயிற்சி, தசையில் போட்ட ஊசி, தசையில் ஊசி செருகி மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனை ஆகியவையும் இதைக் கொஞ்சம் ஏற்றிவிடும். அதனால் ஈ.எம்.ஜி.க்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அதிகம் என்று கல்லீரல் டாக்டரிடம் அலையும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது தசைநோய். அந்த இரண்டு என்சைம்களும் தசையில் இருந்தும் வரும். தசையில் இருந்து வராத ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் என்சைம் இயல்பாக இருந்து சி.பி.கே. ஏறியிருந்தால் தசையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, சிகிச்சை உள்ள காரணங்களை விலக்க வேண்டும். தைராய்டு, கொழுப்புக்குப் போடும் ஸ்டேட்டின் மாத்திரை, தசை அழற்சி, பாம்ப்பே (Pompe) நோய் என்ற என்சைம் குறைபாடு. பாம்ப்பே நோயைக் காய்ந்த ரத்தப் புள்ளியில் என்சைம் அளந்தே சோதிக்கலாம், அதற்கு என்சைம் ஊசி சிகிச்சையும் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு ஆய்வின் முடிவுக்குக் காத்திருப்பது நேரத்தை மட்டுமல்ல, தசையையும் இழப்பது.

அதன் பிறகு, டாக்டர் சந்தேகிக்கும் நோய்க்கேற்ற ஜீன் பரிசோதனை. டூஷேன் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் டி.எம்.டி. ஜீனின் 79 எக்ஸான்களில் (ஜீனின் துண்டுகள்) ஒன்றோ பலவோ காணாமல் போயிருக்கும் அல்லது இரண்டு மடங்காக இருக்கும். அதைப் பிடிக்க, ஒவ்வொரு துண்டும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணும் எம்.எல்.பி.ஏ. முறை. முதுகெலும்புத் தசைநலிவு என்ற எஸ்.எம்.ஏ. நோயில் சுமார் 95 சதவீதம் பேருக்கு எஸ்.எம்.என்.1 ஜீனின் 7-ஆம் எக்ஸான் இரண்டு பிரதியிலும் இருக்காது. பல ஆய்வுகளில் செய்யும் எக்ஸோம் பரிசோதனை, அதாவது எல்லா ஜீன்களின் எக்ஸான்களையும் மொத்தமாகப் படிப்பது, எழுத்துப்பிழை போன்ற சிறு மாற்றங்களைத் தேடுவதில் கெட்டி. ஆனால் இப்படிக் காணாமல் போன துண்டுகளைத் தவறவிட வாய்ப்புண்டு. எஸ்.எம்.என்.1-க்குக் கிட்டத்தட்ட அச்சு அசலாக எஸ்.எம்.என்.2 என்று இன்னொரு ஜீன் இருப்பதால் அங்கே இன்னும் குழப்பம். ஆக, எம்.எல்.பி.ஏ. பார்க்காமல் எக்ஸோமில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதை நம்ப முடியாது.

பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பதின்ம வயதின் முடிவிலோ இருபதுகளிலோ பலவீனம் ஆரம்பித்து, சி.பி.கே. மிக அதிகமாக, பயாப்சியில் அழற்சி செல்கள் தெரிந்தால் "பாலிமயோசைட்டிஸ்" (தசை அழற்சி நோய்) என்று எழுதி ஸ்டீராய்டு தொடங்கிவிடுகிறார்கள். டிஸ்ஃபெர்லின் என்ற தசைப் புரதத்தின் குறைபாட்டால் வரும் தசைச்சிதைவும் இதே முகத்தோடுதான் வரும். அதற்கு ஸ்டீராய்டு பலன் தருவதில்லை. ஸ்டீராய்டு போட்டும் வலு கூடவில்லை என்றால் அதுவே ஒரு தடயம், சுருக்கப் பக்கத்தில் எழுதுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

4. எந்த வகை ஆய்வு என்று தெரிந்துகொள்வது

எல்லாவற்றையும் "ரிசர்ச்" என்றே சொல்வார்கள். உள்ளே வேறு வேறு.

நோயாளிப் பதிவேடு என்றால் உங்கள் விவரம் சேமிக்கப்படும், பரிசோதனை எதுவும் இருக்காது. நோயின் போக்கைக் கவனிக்கும் ஆய்வில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரச்சொல்லி நடை, மூச்சு, இதயம் எல்லாம் அளப்பார்கள். ஜீன் கண்டறியும் ஆய்வில்தான் உங்கள் ரத்தத்தில் காரணத்தைத் தேடுவார்கள். டில்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.-ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் அரிய நோய்களுக்காக நடத்தும் கார்டியன் என்ற கூட்டமைப்பு இந்த வகை. நாட்டின் பல இடங்களில் உள்ள டாக்டர்கள் வழியாக அது வேலை செய்கிறது.

மருந்துச் சோதனை முற்றிலும் வேறு. புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது அது. ஜீன் வரை உறுதியான நோய்ப்பெயர் இல்லாமல் தசைநோய் மருந்துச் சோதனைகளில் பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள். நோய் என்னவென்றே தெரியாத நிலையில் மருந்துச் சோதனையைத் தேடி அலைவது வீண். பெயர் தெரியாதவர் தேட வேண்டியது ஜீன் கண்டறியும் ஆய்வைத்தான்.

5. ஆய்வைத் தேடுவதும் சரிபார்ப்பதும்

தேட நல்ல வழி உங்கள் நரம்பியல் டாக்டர் அல்லது மரபணு டாக்டர். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்த இரண்டு துறையும் இருக்கின்றன. டூஷேன் என்றால் கோவையில் உள்ள எம்.டி.சி.ஆர்.சி. என்ற தசைச்சிதைவு ஆராய்ச்சி மையம் பல வருடங்களாக இதே வேலையாக இருக்கிறது.

அப்புறம் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு. 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். நோயின் பெயரைப் போட்டால் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள், எந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது, எந்த எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதித்தது, யாரைத் தொடர்புகொள்வது என்று எல்லாம் இருக்கும். "மருந்துச் சோதனை" என்று சொல்லிவிட்டு சி.டி.ஆர்.ஐ. எண் தர மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ரத்தம் மட்டும் எடுக்கும் ஆய்வுகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எந்த ஆய்வுக்கும் இருந்தே ஆக வேண்டும்.

பணம் கேட்டால்? ஆய்வுக்காகவே செய்யும் எதற்கும் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் ஸ்டெம் செல். தசைநோய்க் குடும்பங்களிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு "ஆராய்ச்சி சிகிச்சை" என்று ஸ்டெம் செல் ஊசி போடும் இடங்கள் இருக்கின்றன. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர வேறு எதற்கும் அது சிகிச்சை அல்ல. அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே தரலாம். நகையை அடகு வைத்து அந்த ஊசி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் ஒரு குடும்பத்துக்கே ஜீன் பரிசோதனை செய்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனசு ஆறுவதில்லை.

6. ஒப்புதல் படிவம்: அவசரப்படக் கூடாத இடம்

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சரியான ஆய்வுக்குழு எதுவும் இதற்குக் கோபப்படாது.

முதலில் தேட வேண்டிய வரி, முடிவு உங்களுக்கு வருமா என்பது. பல படிவங்களில் உள்பக்கத்தில் "தனிநபர் முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் போனுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அப்படி இருந்தால் சேரக் கூடாது என்று அர்த்தமில்லை. ஆனால் அதை உங்கள் நோயறிதலுக்கான வழியாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

பிறகு இவற்றைக் கேட்டு, பதிலைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவு யாரிடம் வரும், எங்களுக்கா டாக்டருக்கா? தோராயமாக எவ்வளவு காலம்? ஏதாவது கிடைத்தால் சிகிச்சை லேபில் (ஆய்வுக்காக இல்லாமல் நோயாளிகளின் சிகிச்சைக்காக ரிப்போர்ட் தரும் லேப்) உறுதிசெய்யும் செலவு யாருடையது? தேடாத வேறு விஷயம், உதாரணமாகப் புற்றுநோய் அபாயம் காட்டும் மாற்றம் தெரிந்தால் சொல்வீர்களா? எங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மிச்ச ரத்தத்தை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா? வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு என்றால் மத்திய சுகாதாரத் துறையின் பரிசீலனைக் குழுவின் அனுமதி இருக்கிறதா?

விலகும் உரிமை எப்போதும் உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் ஏற்கெனவே ஆராய்ந்து முடித்த தகவலைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம். அதையும் கேட்டுவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது. ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைப்படி 7 வயதுக்கு மேல் குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும், 12 வயதுக்கு மேல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும். பிள்ளையிடம் வீட்டிலேயே பேசிவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரியில் ஊசியைப் பார்த்த பிறகு பேசினால் அது சம்மதம் ஆகாது.

மருந்துச் சோதனை என்றால் இன்னொன்று. 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண் படிவத்தில் இருக்கிறதா பாருங்கள்.

கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதில் எத்திக்ஸ் கமிட்டியின் தொடர்பு விவரமும் இருக்கும். பின்னால் பதில் வராவிட்டால் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

7. ரத்தம் கொடுக்கும் நாள்

அப்பா, அம்மா, நோயாளி மூவரும் வாருங்கள். மூவர் ரத்தத்தையும் ஒன்றாகப் பார்த்தால், பிள்ளையிடம் தெரியும் மாற்றம் யாரிடமிருந்து வந்தது, புதிதாக உண்டானதா என்று உடனே பிரித்துவிடலாம். அப்பா வெளிநாட்டில் வேலை என்றால் அவர் லீவில் வரும் தேதியை முன்பே சொல்லுங்கள்.

பெயரில் கவனம். ஆதாரில் "சரவணன் கே", ஓபி சீட்டில் "கே. சரவணன்", டிஸ்சார்ஜ் சம்மரியில் "சரவணகுமார்" என்று இருந்தால் மூன்று பேராகப் பதிவாகிவிடும். நம் ஊரில் இனிஷியல் முன்னாலும் பின்னாலும் போவதால் இது எப்போதும் நடக்கிறது. ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் சொல்லுங்கள். குழாயில் ஒட்டும் லேபிளை உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள்.

ஜீன் பரிசோதனைக்கான ரத்தம் பொதுவாக ஊதா மூடிக் குழாயில் எடுப்பார்கள், வெறும் வயிறு தேவையில்லை. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆய்வு அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி ஃபைலின் அட்டையில் எழுதுங்கள். பிறகு போன் செய்யும்போது பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொன்னால் சீக்கிரம் கிடைக்கும்.

8. காத்திருக்கும் காலம்

ஆய்வு லேபில் சாம்பிள்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக ஓட்டுவார்கள். அதனால் தாமதம் சகஜம். இந்தக் காலத்தில் நோயின் பெயருக்காக எதையும் நிறுத்திவைக்க வேண்டாம். எக்கோ, மூச்சுத்திறன் பரிசோதனை, பிசியோதெரபி, குதிகால் தசைநாண் இறுகாமல் நீட்டும் பயிற்சி எல்லாம் பெயர் தெரியாமலே செய்யக்கூடியவை. தசைநோய் பலவற்றில் இதயமும் மூச்சும் சத்தமில்லாமல் பாதிக்கப்படும்.

போன் நம்பர் மாறினால் ஆய்வுக்குழுவுக்கு எழுதுங்கள். சிம் மாற்றியதால் முடிவு வந்து சேராத குடும்பங்கள் இருக்கின்றன.

வீட்டில் அடுத்த குழந்தைக்கான யோசனை இருந்தால் ஆய்வை நம்பிக் காத்திருக்கவே கூடாது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிப்பது சுமார் 11 முதல் 13 வாரத்துக்குள். அதற்குள் குடும்பத்தின் மாற்றம் எது என்று சிகிச்சை லேபில் உறுதியாகி இருக்க வேண்டும். ஆய்வின் கால அட்டவணை கர்ப்பத்தின் வாரங்களைப் பார்த்து நகராது. கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள், பணம் கட்டியாவது சிகிச்சை லேபில் பரிசோதனை செய்யுங்கள்.

9. முடிவு வந்ததும்

ரிப்போர்ட்டில் உள்ள மாற்றம் ஐந்து வகையில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். 2015 முதல் உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க மரபணு மருத்துவக் கல்லூரி (ஏ.சி.எம்.ஜி.) என்ற டாக்டர்கள் அமைப்பின் வகைப்பாடு அது: நோய் உண்டாக்குவது, பெரும்பாலும் நோய் உண்டாக்குவது, பொருள் தெளிவில்லாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது.

நடுவில் உள்ளது, வி.யூ.எஸ். என்று எழுதியிருக்கும். அதை நோயறிதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜீன் பெயரைக் கூகுளில் போட்டு, வந்த நோயை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அது இல்லை என்று தெரிந்து தவித்தவர்கள் இருக்கிறார்கள். வி.யூ.எஸ். வந்தால் அடுத்து செய்ய வேண்டியவை உண்டு: பெற்றோரிடமும் பாதித்த, பாதிக்காத உடன்பிறப்புகளிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது, தசை எம்.ஆர்.ஐ.யில் எந்தத் தசை கெட்டிருக்கிறது, எது தப்பித்திருக்கிறது என்று ஒப்பிடுவது, பழைய பயாப்சி பிளாக்கில் அந்தப் புரதத்துக்குச் சாயம் போடுவது.

"நோய் உண்டாக்குவது" என்றே வந்தாலும் ஆய்வு ரிப்போர்ட்டோடு நிற்க வேண்டாம். லேப்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள சிகிச்சை லேபில் புது ரத்தம் கொடுத்து அந்த ஒரு மாற்றத்தை மட்டும் உறுதிசெய்யுங்கள். ஆய்வு லேபில் சாம்பிள் மாறிப்போகலாம். தவிர, சிகிச்சை, கர்ப்பப் பரிசோதனை, அரசு உதவி எல்லாவற்றுக்கும் கேட்கப்படுவது சிகிச்சை லேப் ரிப்போர்ட்தான். ஒரே மாற்றத்தைப் பார்ப்பது முழு எக்ஸோமைவிடச் செலவு மிகக் குறைவு.

"ஒன்றும் கிடைக்கவில்லை" என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அன்றைய அறிவில், அந்த முறையில் தெரியவில்லை என்பதுதான். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி ஆராயச் சொல்லிக் கேளுங்கள். புதிய ஜீன்கள் கண்டறியப்பட்டுக்கொண்டே இருப்பதால், ரத்தம் மறுபடி கொடுக்காமலேயே பதில் கிடைப்பதுண்டு. அதற்கு மூலத் தரவுக் கோப்பு வேண்டும். தருவார்களா என்று 6-ஆம் படியிலேயே கேட்டு வையுங்கள், கிடைத்தால் இரண்டு ஹார்ட் டிஸ்கில் சேமியுங்கள்.

10. பெயர் உறுதியான பிறகு

பழைய நோய்ப்பெயரை எல்லா இடத்திலும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அவசரத்தில் சேரும் ஆஸ்பத்திரியில் பழைய பெயருக்கான மருந்தே எழுதப்படும். மயக்க மருந்து கொடுப்பவருக்குச் சரியான பெயர் தெரிந்தே ஆக வேண்டும், சில தசைநோய்களில் சில மயக்க மருந்துகள் உயிருக்கே ஆபத்து.

நோயாளியின் சகோதரிகள், அம்மாவின் சகோதரிகளுக்குச் சொல்லுங்கள். டூஷேன் பிள்ளைகளின் தாய்மாரில் சுமார் மூன்றில் இரண்டு பேர் அந்த மாற்றத்தைச் சுமப்பவர்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைப்பது அடுத்த தலைமுறையில் இன்னொரு வீட்டில் இதே அலைச்சலைத் தொடங்கி வைக்கும்.

மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் உங்கள் நோய் வருகிறதா பாருங்கள். டூஷேனும் எஸ்.எம்.ஏ.வும் அதில் உண்டு. நியமிக்கப்பட்ட சிறப்பு மையம் ஒன்றில் பதிவு செய்தவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழி இருக்கிறது. அந்த மையங்களில் ஒன்று பெங்களூரில் இருக்கிறது.

மருந்துச் சோதனையைத் தேடத் தொடங்க வேண்டியது இப்போதுதான். அதிலும் முதலில் கிடைப்பதில் சேர்ந்துவிடாதீர்கள். ஒரு சோதனை மருந்தை எடுத்தவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு அடுத்த சோதனையில் சேர்க்கமாட்டார்கள். வைரஸ் மூலம் ஜீனைச் செலுத்தும் சிகிச்சை என்றால், ஒரு முறை வாங்கிய பிறகு உடலில் அந்த வைரஸுக்கு எதிர்ப்புப்பொருள் உருவாகிவிடும், இரண்டாவது முறை தர முடியாமல் போகும். கையெழுத்துப் போடும் முன் ஆய்வுக்குழுவிடம் "இதில் சேர்ந்தால் எதிலெல்லாம் சேர முடியாது" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.